சக்கரங்கள் இறங்கியிருந்தன

பிப்ரவரி 3, செவ்வாய்

இருமல் மருந்து என்று நினைத்து நான் குடித்துவரும் பாட்டிலில் ஒட்டியிருப்பதை இன்று முழுக்கப் படித்துவிட்டேன். ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்று போட்டிருக்கிறது. வருடக்கணக்காகத் தினம் ஒரு மூடி குடித்திருக்கிறேன். மனைவியிடம் சொன்னேன். “அதான் உங்க ஆயுசு இவ்ளோ கெட்டியா இருக்கு. பேசாம அதையே குடிங்க” என்றாள்.

படிக்கத் தெரிந்ததும் தெருவே வாயைத் திறந்துகொண்டது. பல் டாக்டர், சைக்கிள் ரிப்பேர், முடி திருத்தகம், ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர்’. கடைசியில் சொன்னதை இத்தனை நாள் நான் மதித்ததே இல்லை. இனி வேறு சுவர் பார்க்க வேண்டும்.

இடது கையால் எழுதுகிறேன். வலது கை விரல்கள் செங்கல் சூளையில் நசுங்கியவை, மடங்காது. சங்கக் கட்டிடத்தில் எங்களைப் போன்ற கிழங்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் கணக்கு டீச்சர் என் நோட்டைப் பார்த்துவிட்டு, “கோழி கிளறின மாதிரி இருக்கு. ஆனா கோழி என்ன சொல்லுதுன்னு புரியுது. தினம் எழுதுங்க” என்றார். எழுதுகிறேன்.

பிப்ரவரி 5, வியாழன்

‘ழ’ இன்று கவிழவில்லை. நின்றது.

பிப்ரவரி 9, திங்கள்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சூளை இருந்த இடத்தில் இப்போது லாரிகளை நிறுத்துகிறார்கள். வாசலில் ஒரு கல் நிற்கிறது. போர் முடிந்து நட்டது. அதில் சைக்கிளைச் சாய்த்திருக்கிறேன், உட்கார்ந்து செருப்பிலிருந்து முள் எடுத்திருக்கிறேன். என்ன எழுதியிருக்கிறது என்று நானாகப் பார்த்ததில்லை. இன்று காலை போய், எழுத்தெழுத்தாக விரலை வைத்து, சத்தமாகப் படித்தேன்.

‘போர்க்காலத்தில் விமானி ஒருவரின் கவனக்குறைவால் இவ்விடத்தில் விழுந்த குண்டுவீச்சு விமானத்தால் உயிரிழந்த பெண் தொழிலாளர்களின் நினைவாக.’

எவ்வளவு நீளமான வாக்கியம்! ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. ‘கவனக்குறைவால்’ என்ற சொல்லில் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கியது. அதனால் திரும்பப் போய் அதை மட்டும் இன்னொரு தடவை, பள்ளிக்கூடத்துப் பையனைப் போலக் கத்திப் படித்தேன்.

“மூணாவது தடவையும் படிக்கப் போறீங்களா?”

பின்னால் ஒரு அம்மா நின்றிருந்தார். தலை முழுக்க நரை. தோளில் துணிப்பை.

“அந்த வார்த்தைய மட்டும் விட்டுட்டுப் படிங்க. அது எங்க அண்ணன்.”

சுட்டதுபோல் விரலை எடுத்துக்கொண்டேன்.

விமானியாக இருந்த அண்ணன் செத்தபோது அந்த அம்மாவுக்கு ஏழெட்டு வயது இருக்குமாம். பேப்பரில் ‘விமானி குடித்திருந்தாரா?’ என்று போட்டார்கள். அவர்கள் வீட்டுக் கதவில் தார் பூசினார்கள். அப்பாவைக் கடைத்தெருவில் வைத்து அடித்ததில் ஒரு கண் போனது. “சொந்த சனத்தையே கொன்ன குடிகாரன் வீடுன்னு சொல்லித்தான் எங்க வீட்டுக்கு வழி காட்டுவாங்க” என்றார். அண்ணன் சொட்டுக்கூடக் குடிக்காதவராம்.

“அன்னைக்கு இங்க இருந்தவங்க யாராவது உயிரோட இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“யாரு?”

விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வரை பஸ் நிலையத்து எதிர் லாட்ஜில் இருப்பாராம்.

யாரை விசாரிப்பது? அன்று அந்தக் களத்தில் நின்றவர்களில் மிச்சம் இருப்பது நானும் என் மச்சானும்தான். என் மனைவி அப்போது குளத்துக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். அவள் எதையும் பார்க்கவில்லை.

அதே நாள், சாயங்காலம்

மச்சான் வீடு பக்கத்து வீடுதான். என் மனைவியின் அண்ணன். சூளையின் மேஸ்திரியாக இருந்தவர். தொண்ணூறு ஆகப்போகிறது, இன்னும் தெருவே மேஸ்திரி என்றுதான் கூப்பிடுகிறது. வாசலில் இரும்பு நாற்காலி போட்டு, கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களை வேலை ஏவுவார்.

“விமானியோட தங்கச்சி வந்திருக்காங்க மச்சான்.”

“வந்தா?”

“அவன் எப்படிச் செத்தான்னு கேக்குறாங்க.”

“ஆகாசத்துலேர்ந்து விழுந்தவன் வேற எப்படிச் சாவான்? காய்ச்சல் வந்தா?”

“அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரல.”

தடி வந்ததை நான் பார்க்கவில்லை. காதில் பட்டது. இரண்டாவது அடி தோளில். மூன்றாவதற்கு நான் எட்ட நகர்ந்துவிட்டேன், தடி நாற்காலிக் காலில் பட்டு மணி அடித்ததுபோல் கேட்டது. “நாலு எழுத்து கத்துக்கிட்டதும் திமிரு வந்துருச்சா மாப்ள? மிச்சக் கையையும் ஒடிச்சிருவேன்” என்றார். மூச்சு இரைக்கிறது, ஆனாலும் அடி குறி தப்பவில்லை. அந்த விஷயத்தில் மனிதர் பழைய ஆள்தான்.

காதில் ரத்தம். மனைவி என்ன என்று கேட்டாள். கதவில் இடித்துக்கொண்டேன் என்றேன். “கதவு அண்ணன் வீட்டுதா?” என்றாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

அந்த அம்மாவிடம் சொல்லத்தான் போகிறேன். வாயால் சொன்னால் தடுமாறுவேன். முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

சூளை நீளமானது. உள்ளே பச்சைச் செங்கல் அடுக்கியிருக்கும். நான் தீப்போடுகிறவன். என் வேலை கூரை மேல். கூரையின் இரண்டு ஓரத்திலும் வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றுக்கும் இரும்பு மூடி. கொக்கியால் மூடியைத் தூக்கி, கரியைக் கொட்டி, மூடி, அடுத்ததற்குப் போக வேண்டும். போர்க்காலம் என்பதால் ஒரு நேரத்தில் ஒரு மூடிக்கு மேல் திறக்கக் கூடாது என்று உத்தரவு. வெளிச்சம் மேலே தெரியும்.

அன்று விடியற்காலை. மூடுபனி, என் கொக்கியின் நுனியே எனக்குத் தெரியவில்லை. கரி நனைந்துபோய் தீ இறங்கிக்கொண்டே வந்தது. தீ செத்தால் உள்ளே இருக்கும் கல் மொத்தமும் பாழ். மச்சான் கெட்ட வார்த்தையோடு மேலே ஏறி வந்து, என் கையிலிருந்த கொக்கியைப் பிடுங்கி, இரண்டு வரிசையிலும் எல்லா மூடியையும் திறந்துகொண்டே போனார்.

“மேஸ்திரி, வெளிச்சம் தெரியும்.”

“இந்தப் பனியில எவன்டா பாக்கப் போறான்? காத்து போகட்டும்.”

திறந்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். இரண்டு வரிசை நெருப்பு, நேர்கோடாக, கூரை முழுக்க. எனக்கு அழகாக இருந்தது. அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

பிறகு சத்தம் கேட்டது. இரும்பு இருமுவதுபோல விட்டு விட்டு. மேற்கிலிருந்து, மிகத் தாழ்வாக. பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஒரு இறக்கையில் தீ. நான் குப்புற விழுவதற்கு முன் பார்த்தது ஒன்று. அதன் சக்கரங்கள் இறங்கியிருந்தன.

குண்டு போட வருகிறவன் சக்கரத்தை இறக்குவானா?

என் முதுகுக்கு மேலே காற்று போனது, சட்டை கிழிந்தது. ஒரு சக்கரம் புகைபோக்கியில் மோதியது. புகைபோக்கி நடுவில் ஒடிந்து, விமானம் ஒருக்களித்து, காயப்போடும் கொட்டகைக்குள் இறங்கியது. அங்கே பெண்கள் பச்சைக் கல்லைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்கள். கூரை, கல், இரும்பு எல்லாம் ஒன்றாக அவர்கள் மேல் விழுந்தது. பெட்ரோல் பற்றிக்கொண்டது. ஒரு பெண் எரிந்துகொண்டே வெளியே ஓடிவந்து, களிமண் குழிக்குள் குதித்தாள். குழியிலிருந்து அவள் வரவேயில்லை. இன்னொருத்தியின் கை மட்டும் உத்திரத்துக்குக் கீழே தெரிந்தது. விரல்கள் மண்ணைப் பிறாண்டின, பிறகு நின்றுவிட்டன. அது மச்சானின் பெண்டாட்டி. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

மச்சான் அந்தக் கையைப் பிடித்து இழுத்தார். கையின் தோல்தான் வந்தது.

இதை எழுதிவிட்டேனே. எழுதிய பிறகும் பேனா அப்படியே இருக்கிறது, காகிதம் அப்படியே இருக்கிறது. ஆச்சரியம்தான். நாளைக்கு மிச்சம். கை வலிக்கிறது.

பிப்ரவரி 11, புதன்

விமானத்தின் மூக்கு தனியாக உடைந்து களத்தில் கிடந்தது. அதிலிருந்து ஒருவன் உருண்டு வெளியே விழுந்தான். உடுப்பு எரிந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் கரியும் ரத்தமுமாக, எந்த நாட்டான் என்று சொல்ல முடியாது. தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. அவனால் பேச முடியவில்லை. ம், ம் என்று மட்டும் சத்தம் வந்தது.

அவன் தவழ்ந்தான். தப்பி ஓடுகிறவன் வெளிப்பக்கமாகத்தானே தவழ்வான்? அவன் எரிகிற பக்கமாகத் தவழ்ந்தான். விமானத்தின் வயிற்றுக்குள்ளிருந்து யாரோ தகரத்தை அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவனோடு வந்தவர்கள். அவர்களை நோக்கித்தான் போனான்.

“குண்டு போட்ட நாய்! துப்பாக்கி எடுக்கப் போறான், விடாதீங்கடா!”

யார் கத்தினார்கள் என்று தெரியாது. மண் குழைப்பவன் முதல் அடியை மண்வெட்டியால் போட்டான். பிறகு எல்லோரும். கல் அறுக்கும் மரச்சட்டம், கடப்பாரை, வெறும் கால். அவர்களை எனக்குத் தெரியும். தாய்க்குக் காய்ச்சல் என்றால் அழுகிறவர்கள், ஒரு பீடியை மூன்று பேர் பிடிக்கிறவர்கள். அவர்கள்தான்.

தீ எரியும்போது தீப்போடுகிறவன் இறங்கக் கூடாது. இறங்கினேன். ஓடிப்போய் அவன் மேல் படுத்துக்கொண்டேன். “சக்கரத்த எறக்கியிருந்தான்! எறங்கப் பாத்தான்டா!” என்று கத்தினேன். என் வயசுதான் அவனுக்கும். கருகிய முடி வாசனை. என் சட்டைக் கழுத்தை அவன் கை பிடித்துக்கொண்டது. அவன் தலையை மறைக்க நான் வைத்த கையின்மேல் மண்வெட்டி இறங்கியது. விரல்கள் அன்றோடு சரி. காலைப் பிடித்து என்னை இழுத்துப் போட்டார்கள். என் கழுத்தோடு அவன் கையும் கொஞ்ச தூரம் வந்தது. அவன் விடவில்லை. அவர்கள்தான் பிரித்தார்கள்.

மச்சான் வந்தார். கையில் தீ கிளறும் கம்பி. முகத்தில் எதுவுமே இல்லை. மூன்று முறை. பச்சைச் செங்கல் உடைகிற சத்தம்தான் கேட்டது, பெரிதாக ஒன்றும் இல்லை.

அப்போதுதான் புகை விலகி வால் பக்கம் தெரிந்தது. அதில் இருந்த குறி நம்முடையது.

“நம்ம விமானம்டா” என்று மண் குழைப்பவன் சொன்னான். தூக்கிய மண்வெட்டியை அவன் கீழே இறக்கவே இல்லை, அப்படியே நின்றான். தகரம் அடிக்கிற சத்தமும் அதற்குள் நின்றுபோயிருந்தது.

மச்சான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். “தூக்கு.”

நான்கு பேர் தூக்கி, ஆட்டி, அவனைத் தீக்குள் போட்டார்கள். பிறகு மச்சான் கூரை மேல் ஏறி மூடிகளை மூடினார். ராணுவ லாரி வந்தபோது, விழுந்து எரிந்த விமானமும் அதில் பறந்து வந்து செத்த ஏழு பேரும் கொட்டகையில் செத்த பெண்களும்தான் இருந்தார்கள். மச்சான் சொல்ல, அதிகாரி எழுதிக்கொண்டார். என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். உத்திரம் விழுந்து கை நசுங்கியதாம்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து விமானத் தளத்தில் விளக்கு ஏற்றுகிறவர். பனி நாளில் எப்படி விமானம் இறங்கும் என்று கேட்டேன். “ரெண்டு வரிசையா வெளக்கு வெப்போம்ல? அதுக்கு நடுவுல எறங்குவாங்க” என்றார்.

ரெண்டு வரிசையா.

வெளியே வந்ததும் மச்சானிடம் அதைச் சொன்னேன். சொன்ன அன்று உதை விழுந்தது. அடுத்த மாதம் தன் தங்கையை எனக்குக் கட்டிக்கொடுத்தார். என் வாயை அடைக்க நல்ல ஏற்பாடு. இந்த வீட்டில் பேச எனக்கு முறையே வந்ததில்லை.

எழுதி முடித்துவிட்டேன். பக்கம் பக்கமாக. நான் எழுதியதா இது? கணக்கு டீச்சரிடம் காட்ட முடியாது. காட்ட ஆசையாகவும் இருக்கிறது.

பிப்ரவரி 12, வியாழன்

லாட்ஜ் அறை. ஒரு கட்டில், ஒரு கண்ணாடி, ஒரு கூஜா. அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திறந்த மூடிகள், சக்கரம், தவழ்ந்தது, மண்வெட்டி, கம்பி, தீ. யார் என்பதைத் தவிர எதையும் விடவில்லை.

“வலிச்சிருக்குமா?”

“வலிச்சுது.”

“அவனால எறங்கியிருக்க முடியுமா? விளக்கு சரியா இருந்திருந்தா?”

“நேராத்தான் வந்தாருங்க. கோடு கிழிச்ச மாதிரி, ரெண்டு வரிசைக்கும் நடுவுல.”

கூஜாவை எடுத்துக் கண்ணாடியில் அடித்தார். ஒரே அடி. குச்சிபோன்ற கையில் அவ்வளவு வலு எங்கிருந்து வந்தது? கண்ணாடி என் காலடி வரை சிதறியது. லாட்ஜ்காரர் ஓடிவந்து, “என்னம்மா ஆச்சு?” என்றார். “ஒண்ணுமில்ல. எங்க அண்ணன் குடிக்கலையாம்” என்றார் அந்த அம்மா. லாட்ஜ்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“மூடியத் தொறந்தது யாரு?”

“என் சம்சாரத்தோட அண்ணன்.”

“உயிரோட இருக்காரா?”

“எங்க பக்கத்து வீடு.”

“நாளைக்கு வரேன்” என்றார்.

மத்தியானம்

மனைவியிடம் சொன்னேன். தெரியாமல் நாளைக்கு அந்த அம்மாவுக்கு எதிரில் அவள் நிற்கக் கூடாது.

“அண்ணனக் காட்டிக் குடுத்துட்டீங்களா?” என்று கரண்டியை ஓங்கினாள். மூடிகளைத் திறந்த இடம் வந்ததும் கரண்டி கீழே வந்தது.

“அப்போ அண்ணி செத்தது?”

“அதனாலதான்” என்றேன்.

“அந்தப் புள்ளைதான் எனக்குத் தலை வாரிவிடும்” என்றாள். எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். தடியை அண்ணன் மடியிலிருந்து எடுத்தாள். அடித்தாள். வயசான உடம்பு, அடிக்கு நடுவே நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள், மறுபடி அடித்தாள். மச்சான் கையைக்கூடத் தூக்கவில்லை. தடி ஒடிந்ததும் ஒடிந்த துண்டால் அடித்தாள். தெரு கூடிவிட்டது. “மேஸ்திரிய யாருன்னு நெனச்ச?” என்று யாரோ கேட்டார்கள். “எனக்குத் தெரியும், நீ ஒன் வேலையப் பாரு” என்றாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

அந்த அம்மா வந்தார். மச்சானின் நெற்றி வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். நான் அறிந்து அவர் யாருக்காகவும் எழுந்ததில்லை.

அந்த அம்மா எதுவும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். மச்சானுக்கு அது தாங்கவில்லை போலிருக்கிறது.

“சக்கரம் எறங்கியிருந்தத நானும் பாத்தேன்” என்றார்.

இத்தனை வருடமும் நான் மட்டும்தான் அதைப் பார்த்தேன் என்று இருந்தேன்.

“பாத்துட்டுத்தான் அடிச்சேன். அவன் வாயத் தொறந்தா எம் பொண்டாட்டியக் கொன்னது நான்னு ஆயிடும்ல. அவன் எதிரியா இருக்கணும்னு நெனச்சேன். இருந்தே ஆகணும்னு அடிச்சேன்.”

அந்த அம்மா அறைந்தார். மச்சான் தடுமாறி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மறுபடி நிமிர்ந்து நின்றார். அந்த அம்மா இரண்டாவது முறை கையை ஓங்கினார், பிறகு இறக்கிவிட்டார்.

“இங்க சொன்னா எனக்கு மட்டும்தான் கேக்கும். எங்க தெருவுல வந்து சொல்லுங்க.”

தெருவில் ஒரு லாரி போனது.

“பஸ்சு எத்தன மணிக்கு?” என்றார்.

பிப்ரவரி 16, திங்கள்

அந்த அம்மாவின் வீட்டு மரக்கதவுக்குப் பக்கத்தில், படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பஸ்ஸில் மச்சான் வாந்தி எடுத்தபடியே வந்தார். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பை பிடித்தாள்.

குறுகலான தெரு. ஒரு செல்போன் கடை, ஒரு இஸ்திரிக் கடை, ஒரு தையல் கடை. தார் பூசியவர்கள், அப்பாவை அடித்தவர்கள் ஒருவரும் இல்லை. எல்லோரும் செத்துவிட்டார்கள், அல்லது வேறு எங்கோ போய்விட்டார்கள். அதை அந்த அம்மா முன்பே சொல்லவில்லை.

மச்சான் தெரு நடுவில் நின்று, பழைய மேஸ்திரிக் குரலில் ஆரம்பித்தார். “இந்த வீட்டுப் பையன் குடிக்கல. வழி தப்பல. சூளை வெளிச்சத்தக் காட்டி அவன எறக்குனது நான். அடிச்சுக் கொன்னதும் நான்.”

ஒரு மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்தது. “பெருசு, ஓரமா நின்னு பேசு.”

ஓரமாகப் போனார். இஸ்திரிக்காரர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, “யாரு தாத்தா அது? எந்தப் பையன்?” என்றார். மச்சான் திரும்ப முதலிலிருந்து சொன்னார். பனி, நனைந்த கரி, மூடிகள். இஸ்திரிக்காரர் கேட்டுக்கொண்டே இருந்ததில் ஒரு சட்டை தீய்ந்துபோயிற்று. தையல்கார அம்மா வந்தார். “இவங்களுக்கும் சொல்லுங்க” என்றார் விமானியின் தங்கை. சொன்னார். காய் வாங்கி வந்த ஒருவர் நின்றார். “இவருக்கும்” என்றார் தங்கை. சொன்னார். கம்பியால் அடித்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் மச்சானின் கை தானாக உயர்ந்து இறங்குகிறது. அதை அவர் கவனிக்கிறாரா என்று தெரியவில்லை.

மத்தியானத்துக்குள் குரல் போய்விட்டது. காற்று மட்டும் வருகிறது. விமானியின் தங்கை உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். மச்சான் படியில் உட்கார்ந்து குடித்தார். போதும் என்று அந்த அம்மா சொல்வாரோ என்று பார்த்தேன். சொல்லவில்லை. மச்சானும் அதை எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

செம்பைக் கீழே வைத்துவிட்டு என் தோளைப் பிடித்து எழுந்தார்.

“அந்தப் பக்கத்து வீடெல்லாம் பாக்கி இருக்கு மாப்ள. எனக்குச் சத்தம் வரல. நீ கூப்புடு, நான் சொல்றேன்.”

நோட்டை மூட வேண்டும். முதல் வீட்டு வாசலில் நிற்கிறோம். “வீட்ல யாருங்க?” என்று கூப்பிட்டேன். யாரோ வருகிறார்கள்.